யாரும் ஆட்சேபிக்காத முகம்

இப்போதெல்லாம் ஜனங்களுக்குச் சும்மா பயப்படக்கூடத் தெரிவதில்லை. பயம் வந்தால் கமிட்டி போடுகிறார்கள். கமிட்டி என்றால் டீ, போண்டா. போண்டா தீர்ந்ததும் ஒரு தீர்மானம். தீர்மானம் போட்டதும் பயம் தீர்ந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அது எங்கே தீரும்? நாற்காலியை மடக்கி வைக்க நிற்பவனோடு அங்கேயேதான் நிற்கும்.

நான் சென்னியப்பன். திருப்பூருக்கு வெளியே, சாயப்பட்டறைகளைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் கேட் பார்க்கிறவன். முன்னே லாரி ஓட்டினேன். படிப்பு அஞ்சாவதோடு சரி. யாரையும் சட்டென்று நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை, மெஷினை அதைவிட இல்லை.

வீட்டில் இருக்கிற 3டி அச்சு மெஷினிலேயே துப்பாக்கி செய்துகொள்கிற காலம் இது. வேறு ஜில்லாவில் எவனோ ஒருத்தன் அப்படிச் செய்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டான். இரண்டு வாத்தியார்கள் செத்துப்போனார்கள். அதற்கப்புறம் மேலே இருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஆயுதத்தோடு வருகிறவனை எப்படிச் சமாளிக்கும் என்று தானே பேசி முடிவு பண்ண வேண்டுமாம். போலீஸ் தர மாட்டார்கள். ஆயுதம் தர மாட்டார்கள். கையில் கிடைப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

எங்கள் ஹெச்.எம். பூங்கோதை அம்மா கமிட்டியைக் கூட்டினார். கேட்காரன் என்பதால் என்னையும் உட்காரச் சொன்னார்கள்.

விளையாட்டு வாத்தியார் ஜாபர் எழுந்து, "மேடம், என் ரூம்ல ஈட்டி இருக்கு, குண்டு இருக்கு, கிரிக்கெட் மட்டை இருக்கு" என்றார்.

"ரூம் சாவி?" என்றேன்.

"ஹெச்.எம். ரூம்ல."

"அப்ப வர்றவன்கிட்ட, கொஞ்சம் நில்லப்பா, சாவி வாங்கிட்டு வர்றேன்னு சொல்லோணும்."

சத்துணவு சமைக்கிற மாராத்தாள் சிரித்துவிட்டு, "என்ற அடுப்புல எப்பவும் ஒரு குண்டா சாம்பார் கொதிச்சுட்டே இருக்கும். மோந்து மூஞ்சில ஊத்துனா ஒரு பய நிப்பானா?" என்றாள்.

"மத்தியானம் ஒரு மணிக்குள்ள வரச் சொல்லு, அப்பறம் வந்தா சாம்பார் ஆறிப்போயிரும்" என்றார் ஜாபர்.

"மொளகாத் தூளு?"

"நம்ம ஊரு காத்துக்கா? வீசுனவ கண்ணுக்கே வரும்" என்று அவளே சொல்லி அவளே தள்ளிவிட்டாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர் கோகிலா அதுவரை வாய் திறக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் கீழே விழுந்தால்கூடத் தானும் சேர்ந்து அழுகிற ஜாதி. "நான் கணக்குச் சொல்லிக் குடுக்க வந்தவ மேடம். யாரையும் அடிக்க என்னால ஆகாது. கதவைச் சாத்திட்டு பிள்ளைங்களோட உள்ள இருக்கறேன்" என்றாள்.

"சாத்தின கதவுலதான் சுட்டான் அங்க" என்றார் ஹெச்.எம்.

"பின்னால வழியா எல்லாத்தையும் ஓடச் சொல்லுங்க. குழந்தைங்க உங்களைவிட வேகமா ஓடும்" என்றேன் நான்.

"பின்னால வழி சாக்கடைல போய் முடியுதுங்களே அண்ணா" என்றாள் கோகிலா.

"முழுகுனாலும் இடுப்பளவுதானுங்களே அம்மிணி."

அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் சுவரில் மாட்டியிருக்கும் தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர் ஜெயித்தது. ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் ஒன்று உண்டு, சாவி வேண்டாம், கொதிக்க வேண்டாம். முதலில் அதற்குள் இருக்கிற வெள்ளை மாவை முகத்தில் அடிப்பது, கண் தெரியாமல் அவன் தடுமாறும்போது சிலிண்டரின் அடிப்பாகத்தால் மண்டையில் ஒன்று போடுவது. இதுதான் தீர்மானம். கோகிலா கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியதைப் பார்த்தேன்.

நடுங்குகிற கைக்குத்தான் மெஷின் வந்தது.

மெஷின் கம்பெனியில் இருந்து தீபன் என்ற பையன் ஒரு பெட்டியோடு வந்தான். ஆளுக்கொரு கண்ணாடி, மணிக்கட்டில் கட்ட ஒரு பட்டை. கண்ணாடியைப் போட்டால் ஒருத்தன் துப்பாக்கியோடு வராந்தாவில் வருவது போலத் தெரியும். அப்போது பட்டை கைக்குள் சுருக்கென்று ஒன்றை அனுப்பி, கையைத் தானாக சிலிண்டர் பக்கம் போக வைக்கும். திரும்பத் திரும்பச் செய்தால் அப்புறம் பட்டையே வேண்டாம். கை கற்றுக்கொண்டுவிடும்.

"பயத்துல மூளை யோசிக்க ஆரம்பிச்சிரும் சார்" என்றான் என்னிடம். சார் என்று கூப்பிடுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு உஷார் உண்டு. "அது யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அவன் சுட்டுருவான். அதனால கையை மூளைகிட்ட கேக்காம வேலை செய்யப் பழக்கறோம். சைக்கிள் ஓட்டற மாதிரி."

"சைக்கிள் தானாப் போய் ஒருத்தன் மண்டையில ஏறாது தம்பி."

"கண்டவங்க மேல ஏறாது சார். கைக்கு ஒரு முகத்தைக் காட்டிருவோம். அந்த மாதிரி முகத்துக்கு மட்டும்தான் கை எந்திரிக்கும்."

அந்த மாதிரி என்றால் எந்த மாதிரி? அதற்குத்தான் இரண்டாவது கமிட்டி.

சுவரில் முகங்களைப் போட்டுக் காட்டினான் தீபன். முதலில் வந்தவன் நெற்றி நிறைய விபூதி, பெரிய மீசை. "ஐயையோ, எங்க மாமனார் கோயில் கமிட்டியில இருக்காரு. விஷயம் வெளிய போனா அவ்வளவுதான். இது வேண்டாம்" என்றார் ஹெச்.எம். தீபன் விபூதியையும் மீசையையும் எடுத்துவிட்டுத் தாடி வைத்தான். ஜாபர் தீபனையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடி போயிற்று. கறுப்பாக, கழுத்தில் கயிறு கட்டிய ஒரு பையன் வந்தான். மாராத்தாள் எழுந்து நின்றுகொண்டாள். "இது எங்க தெருப் பசங்க ஜாடை. ஊருல எது நடந்தாலும் எங்க தெருவுக்குத்தான் மொதல்ல ஜீப் வருது. இப்ப உங்க கையும் வரோணுமா?" அவனும் போனான். மூக்குக் கண்ணாடிக்காரன் கோகிலாவின் தம்பி மாதிரி இருந்தான். நீள முடிக்காரன் ஹெச்.எம். மகன் மாதிரி இருந்தான். ஆளாளுக்கு ஒன்றைச் சொல்ல, அவன் அழித்து அழித்துப் போட்டுக்கொண்டே வந்தான்.

கடைசியாக ஒரு முகம் சுவரில் நின்றது. ஒடிசலான தாடை, பூனை மீசை, வெறும் நெற்றி, வெயிலில் செம்பட்டை ஏறிய முடி, கட்டம் போட்ட சட்டை, தோளில் ஒரு பை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்பாடா, இதுல யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?" என்றார் ஹெச்.எம்.

"இது நம்ம மூணாங்கிளாஸ் ரஸ்மிதா பாப்பாவோட அப்பன் மாதிரி இருக்குதுங்க" என்றேன்.

"அது யாருமே இல்லைங்கண்ணா. மெஷின் செஞ்சது. யாருக்கும் மனசு நோகாம ஒண்ணு அமைஞ்சிருக்கு, விடுங்க."

வடக்கே இருந்து வேலைக்கு வந்தவர்கள் திருப்பூரில் இன்றைக்குப் பாதிப் பேர். பனியன் கம்பெனியில் அவர்கள் இல்லாமல் ஒரு பீஸ் வெளியே போகாது. கமிட்டியில் மட்டும் அவர்களில் ஒருத்தன்கூட இல்லை. எனக்கும் அவர்கள் மேல் தனியாகப் பாசம் எதுவும் கிடையாது. எனக்கு யார் மேலும் கிடையாது. ஆனால் ரஸ்மிதாவின் அப்பன் பிரபுல்லாவைத் தினமும் பார்க்கிறேன். ஒரிசாக்காரன், பனியனுக்கு இஸ்திரி போடுகிற அயர்ன் மாஸ்டர். பெண்டாட்டி ஊரில் படுத்த படுக்கை. பிள்ளையை இங்கே வைத்துக்கொண்டு தனியாக அல்லாடுகிறான். சாயங்காலம் ஷிப்டுக்கு நடுவில் ஓடி வந்து, "அண்ணா, பாப்பா வந்தாச்சா?" என்பான். அந்தப் பிள்ளை தமிழ் பேசினால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டால் அவளைக் கம்பெனி ஷெட்டில்தான் உட்கார வைக்க வேண்டும், அதுவும் அவனே சொன்னதுதான்.

எனக்கும் ஒரு பட்டை கொடுத்தார்கள். தோல் அரிக்கிறது என்று கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுவிட்டேன்.

மற்றவர்கள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வராந்தாவில் ஒத்திகை பார்த்தார்கள். வெறும் வராந்தாவில் வாத்தியார்கள் வரிசையாக சிலிண்டரைத் தூக்கித் தூக்கி வைப்பது பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது, முதல் சில நாள். கோகிலாதான் ரொம்ப மோசம். சிலிண்டரைத் தூக்கியதும் அழுதுவிடுவாள். அப்புறம் அழுகை நின்றது. அப்புறம் எல்லோரையும்விட வேகமாக அவள் கைதான் போயிற்று. தீபன் கைதட்டினான்.

ஒருநாள் கோகிலா கேட்டில் நின்று, "அண்ணா, இனிமே பஸ்ல வர மாட்டேன். வீட்டுக்காரர் கொண்டாந்து விடுவார்" என்றாள்.

"ஏனம்மிணி?"

"நேத்து ஒரு வடக்கத்திப் பையன் டிக்கெட்டுக்குக் காசைக் கண்டக்டர்கிட்ட குடுத்து விடச் சொல்லிக் கை நீட்டினான். என் கை மேல போயிருச்சுண்ணா. கம்பியைப் புடிச்சுட்டு நின்னேன். வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் போட வந்த பையனுக்கும் அப்படித்தான். பட்டை கையில இல்ல, வீட்டுல இருக்கேன், இருந்தும் வருது."

"அந்த மெஷின் கம்பெனிப் பையன்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். நல்லாப் பழகிருச்சுன்னு அர்த்தம் மேடம்னு சொல்றான்."

அன்றைக்கே நான் பிரபுல்லாவிடம் சொன்னேன். "கேட்டைத் தாண்டி உள்ள வராத. பாப்பாவை நான் கூட்டிட்டு வந்து வெளிய விடறேன்." காரணத்தையும் சொன்னேன். அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தான். "நான் ஆர்மி மாதிரி இருக்கேனாண்ணா?" என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டினான். நெஞ்சு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

கொஞ்ச நாள் அப்படியே ஓடியது. அதற்குள் ஆண்டு விழா வந்தது. ரஸ்மிதா தமிழ்ப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. பரிசு வாங்கும்போது அப்பாவோ அம்மாவோ மேடை ஏற வேண்டும் என்பது இங்கே வழக்கம். பிள்ளை மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. "எங்கப்பா வருவாருங் தாத்தா. எங்கப்பா இதுவரைக்கும் மேடையே ஏறினதில்லைங்."

ஹெச்.எம்.மிடம் போனேன். "அன்னைக்கு ஒருநாள் சிலிண்டர் எல்லாத்தையும் ரூம்ல வெச்சுப் பூட்டிருங்க."

"விழா அன்னைக்குத்தான் வெளி ஆளுங்க நிறைய வருவாங்க. அன்னைக்குப் போய்ப் பூட்டச் சொல்றீங்களே அண்ணா."

"பிரபுல்லா வர்றான்."

"அவரை யாரு என்ன பண்ணப் போறாங்க? டீச்சருங்க மனுசங்கதானே?"

அதற்கு மேல் பேசி என்ன பிரயோசனம். பிரபுல்லாவிடம் நானே ஒரு வழி சொன்னேன். அந்த முகம் யாராகவும் இல்லாமல் போனதால்தானே வந்த வினை. இவனை யாரோ ஒருத்தனாக ஆக்கிவிட்டால் என்ன? என்னுடைய வேட்டி, வெள்ளைச் சட்டை கொடுத்தேன். விழா அன்று காலையிலேயே நெற்றி நிறைய விபூதியும் பூசிவிட்டேன். "இப்ப உன்னைய எவன் தொட்டாலும் கோயில் கமிட்டியே கேக்கும்" என்றேன். என் புத்தி அவ்வளவுதான் போயிற்று.

ஆனால் கம்பெனியில் அவனை நேரத்துக்கு விடவில்லை. கன்டெய்னர் போகிற நாள். கடைசி நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் பையோடு ஓடி வந்தான். வியர்வையைத் துடைத்த கையோடு விபூதியும் போய்விட்டிருந்தது. "பாப்பா பேர் கூப்பிட்டாச்சாண்ணா?" என்றவன், நான் கையைப் பிடிப்பதற்குள் வராந்தாவில் ஏறிவிட்டான். நான் பின்னாலேயே போனேன். இந்த வயதில் எவ்வளவு வேகமாகப் போக முடியும்?

எதிரே வகுப்பில் இருந்து பரிசுப் பொட்டலங்களை அணைத்துக்கொண்டு கோகிலா வந்தாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள். அதை நான் சத்தியமாகப் பார்த்தேன். பிள்ளையின் அப்பா என்று தெரிந்துதான் சிரித்தாள். சிரித்த முகம் மாறுவதற்கு முன்பே பொட்டலங்கள் கீழே விழுந்தன. சுவரில் இருந்த சிலிண்டர் அவள் கையில் இருந்தது. வெள்ளை மாவு புஸ்ஸென்று வராந்தா முழுக்கக் கிளம்பியது. அப்புறம் மண்டையில் சிலிண்டர் பட்ட சத்தம். இன்னொரு தரமும் பட்டது.

"மா..." என்றான் அவன். அவ்வளவுதான்.

புகைக்குள்ளே ஜாபர் வாத்தியாரும் இன்னொரு சிலிண்டரோடு வந்துகொண்டிருந்தார். வாயில், "ஏய், வேணாம், வேணாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். யாரிடம் சொன்னார் என்று கேட்டால் தன் கையிடம்தான். நான் போய் பிரபுல்லா மேல் விழுந்தேன். தைரியம் எல்லாம் இல்லை, கீழே கிடந்த பொட்டலம் தடுக்கியது. என் முகத்தைப் பார்த்ததும் ஜாபரின் கை நின்றுவிட்டது.

"நான் இல்லண்ணா. நான் அடிக்கல" என்று கோகிலா சொல்லிக்கொண்டே இருந்தாள். மேடையில் மைக்கில் ரஸ்மிதா பேரை இரண்டாவது தரம் கூப்பிட்டார்கள்.

கன்னத்து எலும்பு உடைந்து, இடது கண்ணில் பார்வை பாதிதான் மிச்சம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். போலீஸ் வந்தது. யார் அடித்தது என்றால் கை. கையை எந்த ஸ்டேஷனில் வைப்பது? எழுதிக்கொண்டு போனார்கள். கோகிலா லீவு போட்டுவிட்டாள். சாப்பிடும்போதுகூட இடது கையால் சாப்பிடுகிறாள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

பயம் இன்னும் பெரிதாகிவிட்டது. அதனால் மூன்றாவது கமிட்டி.

"மெஷின் தப்பு பண்ணல" என்றான் தீபன். "ஒரு முகத்தைக் காட்டி அடின்னு சொன்னதுதான் தப்பு. புது முறையில அதைத் திருப்பிப் போட்டிருக்கோம். யாரை அடிக்கக் கூடாதுன்னு மட்டும் கைக்குக் காட்டறோம். இந்த ஸ்கூலுக்கு வந்து போற எல்லாரும் ஒருதடவை வந்து முகம் காட்டிப் பதிஞ்சுக்கணும். பதிஞ்சவங்க மேல கை எந்திரிக்காது. பதியாதவங்க உள்ள வந்தா எந்திரிக்கும். இதுல ஜாதி, மதம், ஊரு எதுவும் இல்ல பாருங்க."

எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. தலையை ஆட்டினார்கள்.

சனிக்கிழமை காலையில் ஹாலில் வரிசை நின்றது. அப்பா, அம்மா, சித்தப்பா, வேன் டிரைவர், பால்காரர். மணிக்கட்டில் பட்டையோடு வாத்தியார்கள் ஒரு பக்கம். வரிசையில் முதல் ஆள் யார் என்று பார்த்தால் பிரபுல்லா. பாதி முகம் கட்டு. பக்கத்தில் ரஸ்மிதா.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "ஏண்டா, உனக்குச் சூடு சொரணை இருக்குதா? அடிச்சவங்ககிட்ட வந்து, அடிக்காதீங்கன்னு மூஞ்சியைக் காட்டறியே!"

"மெதுவாண்ணா, பாப்பா இருக்கு" என்றான். "வேற ஸ்கூல் கேட்டேன். அங்கயும் இதேதான். இங்க இருந்தா டீச்சருக்கு என்னைத் தெரியும்."

"தெரிஞ்சுதானே அடிச்சா?"

அதற்குள் தீபன் கூப்பிட்டான். மெஷினுக்கு முழு முகம் வேண்டுமாம், கட்டு இருந்தால் எடுக்காதாம். பிரபுல்லா மெதுவாகக் கட்டைப் பிரித்தான். உள்ளே இருந்ததைப் பார்த்து வரிசையில் சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ரஸ்மிதா திருப்பவில்லை. மெஷின் பச்சை விளக்கு காட்டியதும், "ஆயிருச்சு அப்பா" என்றாள் தமிழில்.

"அடுத்தது நீங்க வாங்கண்ணா" என்றார் ஹெச்.எம்.

"நான் எதுக்கு?"

"எல்லாரும்தாண்ணா. எனக்கே எடுத்தாச்சு."

"என்னைய உங்களுக்கு இத்தனை வருசமாத் தெரியும்."

"எனக்குத் தெரியுதுங்க. கைக்குத் தெரியணும்ல?"

"உங்க கைக்குத் தெரியறதுக்கு நான் பொறுப்பில்லீங்க. நான் அடிக்க வந்தவன் இல்லைன்னு நான் ஏன் வரிசைல நின்னு சொல்லோணும்? தூக்கறவங்கதான் சொல்லோணும், ஏன் தூக்கறோம்னு."

"சாருக்குப் புரியல" என்றான் தீபன் ஹெச்.எம்.மைப் பார்த்து.

"புரியலைன்னே வெச்சுக்கோ கண்ணு."

ஹெச்.எம். குரல் இறங்கிவிட்டது. பாவம், கெட்ட பொம்பளை இல்லை. "அண்ணா, இன்னும் கொஞ்ச நேரத்துல புதுசை எல்லாரு பட்டையிலயும் ஏத்திருவாங்க. கை ஏற்கனவே பழகியிருக்கறதால உடனே புடிச்சுக்குமாம். பதியலைன்னா நீங்க உள்ள இருக்க முடியாதுங்கண்ணா. அப்பறம் எங்க பேச்சை எங்க கை கேக்காது."

"அப்ப நான் வெளிய இருந்துக்கறேன்."

பிரபுல்லா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். கட்டு அவிழ்த்த அந்தக் கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. அழுகையா, மருந்தா, தெரியவில்லை. "ஒரு நிமிசம்ண்ணா. வலிக்காது. சும்மா பார்த்தா போதும். பாப்பாவை யாரு கேட் வரைக்கும் கூட்டிட்டு வருவாங்க?"

"இனி நீயே உள்ள வரலாமே. அதுக்குத்தானே காட்டுன" என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். அவன் கையை விட்டுவிட்டான்.

சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வராந்தாவில் இறங்கினேன். அங்கே தூணோரம் கோகிலா நின்றிருந்தாள். புதுசை ஏற்றினால் பழசு அழிந்துவிடும் என்று யாரோ சொல்லி, எல்லோருக்கும் முன்னால் அவள்தான் வந்து ஏற்றிக்கொண்டாளாம். இளைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அண்ணா" என்று முகம் மலர்ந்தாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் போய்ப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

அப்புறம் அவள் வலது கை மெதுவாகச் சுவர்ப் பக்கம் போனது.

இடது கையால் அதைப் பிடித்தாள். போதவில்லை. தூணோடு வைத்து உடம்பால் அழுத்திக்கொண்டாள். "பதியலையாண்ணா நீங்க?"

"இல்லம்மிணி."

"போயிருங்கண்ணா. கும்பிட்டுக் கேக்கறேன், சீக்கிரம் போயிருங்க."

"போறேன். நீ கையைப் பார்த்துக்கோ" என்றேன்.

அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினேன். என் வேகம் எதுவோ அந்த வேகத்தில்தான் போனேன். முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது, சிலிண்டர் ஆணியில் ஆடுகிற சத்தமும் கேட்டது. திரும்பவில்லை. நியாயம் அவர்கள் பக்கம் இருக்கலாம். படித்தவர்கள், கூடிப் பேசி முடிவெடுத்தவர்கள். எனக்குத்தான் இன்னும் மனசு ஒப்பவில்லை.

கேட்டுக்கு வெளியே கால் வைத்ததும் பின்னாலிருந்து ஜாபர் கத்தினார்: "அண்ணா, கேட்டு! கேட்டைச் சாத்திட்டுப் போங்க!"

அந்த வேலை இனி என்னுடையது இல்லை. கேட் திறந்தபடியே கிடக்க, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.